இளவரசிக்குக் காவலிருந்த 76 வயசுக்காரர்... ஜிம் கார்பெட்டின் கடைசி நைட் டியூட்டி!

ராத்திரி மூணு மணி. ஒரகடத்துல ஏதோ ஒரு கம்பெனி கேன்டீன்ல டீ டம்ளரோட உட்கார்ந்திருக்கீங்க. நைட் ஷிஃப்ட். வெளியே வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையா போய்க்கிட்டிருக்கு. ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே வர்றப்போ ஒரு வீடியோ கண்ணில் படுது. ஆப்பிரிக்கக் காடு, மரத்தாலான ஒரு லாட்ஜ், கீழே ஒரு குட்டை. மங்கலான வெளிச்சத்தில் யானைகள் கூட்டமா வந்து தண்ணி குடிக்குது. மேலே பால்கனியில் நாலு பேர் போர்வையைப் போத்திக்கிட்டு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காம பார்த்துக்கிட்டிருக்காங்க. ஒரு தடவையாவது இப்படி ஒரு ராத்திரி தங்கணும்னு உங்களுக்கும் தோணுது இல்லையா?

இந்த மாதிரி லாட்ஜுகளுக்கெல்லாம் தாத்தா ஒண்ணு இருக்கு. கென்யாவில், ஒரு அத்திமரத்து மேல கட்டின ‘ட்ரீடாப்ஸ்’. அங்கே உலகமே பேசின ஒரு ராத்திரியில், ஏணி உச்சியில் துப்பாக்கியோட காவல் இருந்தவருக்கு அப்போ 76 வயசு. பிறந்தது நம்ம நைனிடாலில். அவர்தான் ஜிம் கார்பெட். புலி வேட்டைக்காரர்னு அவரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா, அவரும் உங்களை மாதிரி பல வருஷம் ராத்திரி பகல் பார்க்காம உழைச்சவர்தான்.

லோடு கான்ட்ராக்டர் கார்பெட்

1875 ஜூலை 25-ம் தேதி நைனிடாலில் பிறந்தார் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறைய பிள்ளைகள். கார்பெட்டின் சின்ன வயசிலேயே அப்பா இறந்துபோனார். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் காலாடூங்கி என்று குடும்பம் இடம் மாறும். காலாடூங்கி வீட்டைச் சுற்றிக் காடுதான். எந்தப் பறவை எதுக்காகக் கத்துது, மண்ணில் பதிந்த கால்தடம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது என்பதையெல்லாம் சின்ன வயசிலேயே அங்கே கற்றுக்கொண்டார்.

மேல்படிப்புக்கு வீட்டில் வசதி இல்லை. அதனால் இருபது வயசைத் தொடும் முன்பே ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். முதல் வேலை, ரயில் இன்ஜினுக்கு எரிக்க மரம் வெட்டி அனுப்புவது. அடுத்து, பீகாரில் கங்கைக் கரையோரம் இருக்கும் மொகாமா காட். அங்கே அகல ரயில்பாதை முடிந்துவிடும். சரக்கையெல்லாம் இறக்கி, படகில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீட்டர் கேஜ் வண்டிக்கு மாற்ற வேண்டும். கிரேனோ ஃபோர்க்லிஃப்ட்டோ கிடையாது. எல்லாமே தலைச்சுமை. அந்த லோடு கான்ட்ராக்ட்டை எடுத்தபோது கார்பெட்டுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயசுதான். கிட்டத்தட்ட 20 வருஷம் அங்கேயே இருந்தார்.

ஆரம்பத்தில் ஒரு பெரிய சிக்கல். ரயில்வேயிலிருந்து வர வேண்டிய பணம் மாதக்கணக்கில் வரவில்லை. தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க முடியவில்லை. அவர்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு வேலையைத் தொடர்ந்தார்கள். கார்பெட்டும் அவர்களோடு சேர்ந்து மூட்டை தூக்கினார். கடைசியில், பணம் வராவிட்டால் வேலை நிற்கும் என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்தார். பணம் வந்து சேர்ந்தது. கான்ட்ராக்ட் லேபர் என்கிற வார்த்தை உங்கள் காதில் தினமும் விழுகிறதுதானே? அப்படியென்றால் இந்தக் கதையின் வலி உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணோடு சேர்ந்து, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே சாதி குறுக்கே வந்தது. ஒரே குடிசைக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரக் கூடாது என்றார்கள். ராம் சரண் குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அது குடிசை கிடையாது, வெறும் கொட்டகை. கொட்டகைக்கு அந்தத் தடை இல்லை. பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள்.

தூங்காத இரவுகள்

வேலைக்கு நடுவே லீவு போட்டுவிட்டுத்தான் கார்பெட் ஆட்கொல்லி வேட்டைக்குப் போனார். 1907-ல் சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாக அதன் மேல் கணக்கு. சுட்ட பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ, யாரோ சுட்ட குண்டு பட்ட பழைய காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று கார்பெட் புரிந்துகொண்டார்.

அடுத்து ருத்ரபிரயாக் சிறுத்தை. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் எட்டு வருஷத்தில் 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். இதற்கும் ஒரு காரணத்தைச் சொன்னார் கார்பெட். 1918-ல் இன்ஃபுளூயன்சா காய்ச்சல் பரவியபோது, இறந்தவர்களை எரிக்க ஆளில்லாமல் பல உடல்கள் மலைச்சரிவில் தள்ளப்பட்டன. அதில் ருசி கண்ட சிறுத்தைகள், நோய் அடங்கிய பிறகு உயிரோடு இருப்பவர்களைத் தேடி வந்தன.

இந்தச் சிறுத்தைக்காக அவர் காத்திருந்த கதைதான் அசரவைக்கிறது. ஆற்றின் மேல் இருந்த தொங்குபாலத்தின் கோபுரத்தில், கூரைகூட இல்லாத இடத்தில், குளிர்காற்றில் 20 ராத்திரி. சிறுத்தை வரவே இல்லை. பிறகு, யாத்திரைப் பாதை ஓரம் ஒரு மாமரத்துப் பரணில் பத்து ராத்திரிக்கு மேல். கடைசியில் 1926 மே 2-ம் தேதி இரவு, கீழே கட்டியிருந்த ஆட்டின் கழுத்துமணி திடீரென்று ஒலித்தது. டார்ச் வெளிச்சம், ஒரு குண்டு. கதை முடிந்தது.

பரண் நமக்குப் புதுசா என்ன? தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி காவல் காத்த கதை தெரியாத ஆள் உண்டா? ஒரகடம் பக்கத்திலேயே வல்லக்கோட்டையில் முருகன் இருக்கார், போய்க் கேட்டுப் பாருங்க. பரண் என்றால் காவல், காவல் என்றால் கண்விழிப்பு.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

கார்பெட்டைத் தெய்வமாக்க வேண்டாம். பொழுதுபோக்குக்காகவும் அவர் வேட்டையாடியவர்தான். வைஸ்ராய்களுக்கு வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவரும்கூட. ஆனால், காடு வேகமாகக் காலியாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தார். 1920-களின் கடைசியில் மூவி கேமரா வாங்கினார். பகலில், இயல்பாக நடமாடும் புலிகளைப் படம் பிடிக்க நாள்கணக்கில் ஒளிந்து உட்கார்ந்தார். சுடுவதைவிட இதற்குத்தான் பொறுமை அதிகம் வேண்டியிருந்தது.

1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக ஹெய்லி பூங்கா அறிவிக்கப்பட்டபோது, அதற்குப் பின்னால் அவர் உழைப்பும் இருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கிருந்துதான். 1944-ல் வெளியான ‘குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள்’ அவரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. முதல் பதிப்பில் வந்த ராயல்டியை, போரில் கண் இழந்த இந்தியச் சிப்பாய்களுக்கான விடுதிக்குக் கொடுத்துவிட்டார்.

ஊரை விட்டு...

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. பிரிட்டிஷ் வம்சத்தில் பிறந்தவர்களுக்குப் புது இந்தியாவில் இடம் இருக்குமா என்ற பயம். கல்யாணமே செய்துகொள்ளாத கார்பெட்டும் அக்கா மேகியும் நைனிடால் வீட்டை விற்றுவிட்டு, அந்த வருஷக் கடைசியில் கென்யாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 72 வயசில் ஊரை விட்டுப் போவது எப்படி இருக்கும்? வேலைக்காக ஊரையும் வீட்டையும் விட்டு வந்து, படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் உங்களுக்கு அதில் பாதியாவது புரியும். உங்களுக்குப் பொங்கலுக்கு டிக்கெட் கிடைத்துவிடும். அவர் இந்தியாவுக்குக் குடியிருக்கத் திரும்பவே இல்லை. காலாடூங்கி பக்கம் சோட்டி ஹல்த்வானியில் தன் நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். காட்டுப்பன்றிகள் பயிரை அழிக்காமல் இருக்க அந்த ஊரைச் சுற்றி அவர் கட்டிய சுவரை இன்றும் பார்க்கலாம்.

கென்யாவில் நியேரி என்ற ஊரில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்காகக் கட்டிய குடிலில் அக்காவும் தம்பியும் குடியேறினார்கள். அங்கே உட்கார்ந்து அவர் எழுதிய புத்தகங்களில் ஒன்று, மொகாமா காட் தொழிலாளர்களையும் குமாவுன் ஏழைகளையும் பற்றிய ‘என் இந்தியா’. 1952-ல் வெளிவந்தது.

அந்த ஒரு ராத்திரி

அதே வருஷம் பிப்ரவரி 5. பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத்தும் கணவர் பிலிப்பும் அபர்டேர் காட்டில் இருக்கும் ட்ரீடாப்ஸில் தங்க வந்தார்கள். 1932-ல் சின்ன மரவீடாகத் தொடங்கிய இடம் அது. கீழே குளம், உப்புமண் திட்டு. விலங்குகள் தானாகத் தேடி வரும். விருந்தினர்கள் ஏணி ஏறி மேலே போய், சத்தம் போடாமல் விடிய விடியப் பார்க்க வேண்டும். வண்டியில் துரத்திப் போகும் சஃபாரிக்கு நேரெதிர் முறை. கூடத் தங்கச் சொல்லி கார்பெட்டுக்கும் மேகிக்கும் அழைப்பு வந்திருந்தது.

இளவரசி நடந்து வந்து சேர்ந்த நேரத்தில், ஏணிக்கு ரொம்பப் பக்கத்திலேயே யானைக்கூட்டம். 25 வயசுப் பெண், பதற்றம் காட்டாமல் நேராக நடந்து வந்து ஏணியில் ஏறினார். மேலே போனதும் மூவி கேமராவை எடுத்துவிட்டார். யானைகள், பபூன் குரங்குகள், இருட்டிய பிறகு காண்டாமிருகங்கள். எல்லோரும் தூங்கப் போன பிறகு, கார்பெட் ஏணியின் உச்சியில் காவலுக்கு உட்கார்ந்தார். சிறுத்தை மரம் ஏறும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ராத்திரியில்தான், இங்கிலாந்தில் தூக்கத்திலேயே இறந்துபோனார் மன்னர் ஆறாம் ஜார்ஜ். காட்டுக்குள் யாருக்கும் சேதி தெரியாது. பிப்ரவரி 6 காலையில் இளவரசியாகவே ஏணியில் இறங்கிப் போனவர், உண்மையில் அப்போதே ராணி. அப்பாவின் மரணம் அவர் காதுக்கு எட்டியது பிறகுதான்.

1954 மே மாதம் அந்த மரவீடு எரிந்தது. வெள்ளையர்கள் பிடுங்கிக்கொண்ட நிலத்தைக் கேட்டு எழுந்த மாவ் மாவ் போராளிகள் தீ வைத்தார்கள். காட்டை ரசிக்க வந்தவர்களுக்கு அது சொர்க்கம். கிகுயு மக்களுக்கு அது பறிபோன மண். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும். 1957-ல் பக்கத்திலேயே புது ட்ரீடாப்ஸ் எழுந்தது. அதைப் பார்க்க கார்பெட் இல்லை. 1955 ஏப்ரல் 19-ம் தேதி நியேரியிலேயே காலமானார். அந்த ராத்திரியைப் பற்றி அவர் எழுதிய குட்டிப் புத்தகம் இறந்த பிறகு வெளியானது.

நீங்க போகணும்னா?

கென்யா போற ஆசை இருந்தா சேர்த்து வைக்க ஆரம்பிங்க. அபர்டேர் உயரமான மலைக்காடு, ராத்திரி நல்லாவே குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை, கிளம்பறதுக்குப் பத்து நாளுக்கு முன்னாடியே போட்டு, சான்றிதழைப் பத்திரமா வெச்சுக்கோங்க. அது இல்லாம திரும்பி வந்தா நம்ம ஊர் ஏர்போர்ட்டிலேயே சிக்கல். அவ்வளவு பட்ஜெட் இல்லையா? கார்பெட் பூங்காவின் திகாலா வனத்துறை விடுதியில் ராத்திரி தங்கலாம், மழைக்காலத்தில் மூடிடுவாங்க. இன்னும் பக்கத்தில் முதுமலை இருக்கு, தெப்பக்காட்டில் வனத்துறை விடுதி இருக்கு.

அதுவும் இப்போதைக்கு முடியாதுன்னா, உங்க ரோட்டோட அந்தக் கோடியில் வண்டலூர் பூங்கா. செவ்வாய்க்கிழமை லீவு, மத்த நாள் திறந்திருக்கும். அடுத்த வீக்லி ஆஃபில் போங்க. எல்லாக் கூண்டையும் ஓடி ஓடிப் பார்க்காதீங்க. ஒரே ஒரு விலங்கு முன்னாடி, மொபைலைப் பாக்கெட்டில் போட்டுட்டு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்க. அது காதை எப்போ திருப்புது, எந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்குதுன்னு கவனிங்க. காலாடூங்கி காட்டில் சின்னப் பையனா கார்பெட் செய்ததும் இதேதான்.

டீ ஆறிடுச்சு பாருங்க. லைனுக்கு நேரமாச்சு.