உதகையில் கல்வி கேட்ட மருத்துவர்

அயோத்திதாசப் பண்டிதர் என்றவுடன் சென்னை இராயப்பேட்டையே பலருக்கு நினைவுக்கு வரும். சாக்கிய பௌத்த சங்கமும் 'தமிழன்' இதழும் அங்குத் தோன்றியமையால் அவ்வாறு எண்ணுதல் இயல்பே. ஆயின் அப்பெரியாரின் பொதுவாழ்வு முளைவிட்டது நம் நீலகிரி மண்ணில்தான். நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவருடைய வரலாற்றை எழுதப் புகும் நாம், அவரைச் சிறப்பாக ஒரு மருத்துவராகவும், பள்ளித் தேர்வின் மதிப்பை முதன்முதல் உணர்ந்தவராகவும் நம் இளைஞர்முன் நிறுத்த விரும்புகின்றோம்.

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆங்கிலேயத் துரை ஒருவரிடம் சமையற் பணி பார்த்தவர். திருக்குறள் ஓலைச்சுவடி ஒன்றைக் காத்து வைத்திருந்து, அது எல்லீசு துரை கைக்குச் சேர வழிசெய்தவர் அவரே. அடுப்படியில் பணி செய்த குடும்பத்தில் திருக்குறள் ஏடு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. குடும்பம் பின்னர் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. காத்தவராயன் தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசான் அயோத்திதாசக் கவிராயரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆங்கிலம், வடமொழி, பாலி ஆகியவற்றையும் பயின்றார்.

அவர் மருத்துவம் கற்ற முறை வேறு. ஓலைச்சுவடியும் ஆசான் வாய்மொழியுமே அவருக்குக் கல்லூரி. நோயாளியின் நாடியே தேர்வுத்தாள். குணமடைந்தவரின் சொல்லே சான்றிதழ். பிற்காலத்தில் தமிழ்த்தென்றல் எனப் புகழ்பெற்ற திரு.வி.க., இளமையில் கால் முடங்கிக் கிடந்தபோது, அவருக்கு மருத்துவம் செய்து நடக்கச் செய்தவர் நம் பண்டிதரே.

இத்தகைய கைராசிக்காரர், பட்டம் எதற்கு, தேர்வு எதற்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவே அவர் பெருமை என்பது நம் கருத்து.

உதகை அந்நாளில் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகர். அதிகாரிகளின் மாளிகைகளில் சமைத்தவரும் துவைத்தவரும், தோட்டங்களில் மண்ணைக் கொத்தியவரும் நம்மவரே. அரசாங்கம் எவ்வாறு நடக்கின்றது, அதன் நாற்காலிகளில் யார் எதனைப் பயின்று அமர்கின்றனர் என்பதை இங்கிருந்தே பண்டிதர் கண்கூடாகக் கண்டார். 1870-களில் உதகையில் அத்வைதானந்த சபையை நிறுவினார். அவருக்கு மைத்துனராகிய இரட்டைமலை சீனிவாசனாரும் சில ஆண்டுகள் இம்மலையில் கணக்கர் பணி பார்த்தவரே. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மக்களை ஆதித் தமிழர் எனப் பதிவு செய்யுமாறு பண்டிதர் வேண்டியதும், 1885-இல் ஜான் இரத்தினம் அவர்களுடன் கூடித் 'திராவிட பாண்டியன்' இதழை நடத்தியதும் இங்கு ஓரளவே சுட்டத்தக்கன. நாம் விரைந்து சேரவேண்டிய இடம் 1891.

அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், திராவிட மகாஜன சபையின் மாநாடு உதகையில் கூடியது. பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. இழிபெயரால் அழைத்து அவமதிப்போரைத் தண்டிக்கச் சட்டம், பொதுக் கிணறு குளங்களில் உரிமை, உள்ளாட்சி மன்றங்களில் இடம் என அவை விரிந்தன. அவற்றுள் கல்வி பற்றியவற்றை நம் மாணவர்கள் நின்று நோக்கவேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும், நம்மவரே ஆசிரியராக வேண்டும், சம்பளத்தில் பாதி குறைக்க வேண்டும் என்று கேட்டதோடு அமையாமல், மெட்ரிகுலேசன் தேறியவருள் மூவருக்கேனும் மேற்படிப்புக்கு உதவித்தொகை வேண்டும் என்றும், தேறியவருக்கு அரசு அலுவல் வேண்டும் என்றும் கேட்டார்கள்.

மூவர்தாமா என்று இன்று நாம் வியக்கலாம். ஆயின் மெட்ரிகுலேசன் என்பது பல்கலைக்கழகத்தின் வாயிற்படி. அதனைக் கடவாதவனுக்கு வழக்கறிஞர் தொழிலும் இல்லை, மேனாட்டு மருத்துவக் கல்வியும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இலேயே தோன்றிவிட்டது. அதன் கதவு எத்தகுதிக்குத் திறக்கும் என்பதே வினா. பின்னாளில் புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார் மெட்ரிகுலேசனைத் தனித்தேர்வராக எழுதித் தேறி, மன்னரின் ஆதரவால் ஆடவர் கல்லூரியில் இடம்பெற்று, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவரானார். அம்மையாருக்கு ஒரு மன்னரின் தயவு வாய்த்தது. பண்டிதர் கேட்டதோ தயவன்று, விதி. இவ்வேறுபாடு சிறிதன்று.

1892-இல் சென்னையில் கூடிய மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரியின் சார்பாளராகச் சென்ற பண்டிதர், கோயில் நுழைவு பற்றி வினவி அவமதிப்பையே மறுமொழியாகப் பெற்றார். மனம் புண்பட்டும் அவர் வெளியேறிவிடவில்லை. நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கேட்டு, அவற்றைச் சபை ஏற்குமாறு செய்தார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் பள்ளிக்கூடத்தைக் கேட்டுப் பெற முயன்றார் எனலாம். 1894-இல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென அடையாற்றில் பள்ளி தொடங்கினார். 1898-இல் அவருடன் இலங்கை சென்ற பண்டிதர், பௌத்த நெறி தழுவித் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. மறு ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் சுருங்கியது. கோலார் தங்கவயல் தொழிலாளரும் அவ்விதழைப் படித்தனர். 1914 மே 5-இல் பண்டிதர் மறைந்தார்.

ஆசானிடம் கேட்டுக் கற்றவர் மருத்துவராகும் காலம் அவரோடு ஏறத்தாழ முடிந்தது எனலாம். சென்னைத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரே சூட்டப்பட்டது. ஆயின் இன்று ஓர் இளைஞன் அவர் செய்த சித்த மருத்துவத்தையே பட்டமாகப் பயில விரும்பினாலும், மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று, நீட் தேர்வும் எழுதியாக வேண்டும். அலோபதிக்கும் அதுவே. தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பலர், பத்தாம் வகுப்பு முடிந்ததும், பக்கத்துப் பள்ளியில் எப்பிரிவு கிடைக்கின்றதோ அதில் சேர்ந்துவிட்டு, ஈராண்டு கழித்து மருத்துவராக விரும்புவதாகச் சொல்வதை நாம் கண்டு வருந்தியதுண்டு. வணிகவியல் பிரிவு இழிந்ததன்று. அதற்கும் தனி வழிகள் உண்டு. ஆனால் அது மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் வழியன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தமிழக அரசு 2020-இல் சட்டமாக்கிய 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும், உயிரியல் படித்து நீட் தேறியவர்க்கே பயன்படும்.

2022 சனவரியில் தமிழகத்தில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நீலகிரிக் கல்லூரியும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள் கொண்ட அக்கல்லூரி, மூவருக்கு உதவித்தொகை கேட்டுப் பண்டிதர் தீர்மானம் நிறைவேற்றிய அதே உதகையில் அமைந்துள்ளது.