சுருக்கும் கலை கண்ட பில் காட்ஸ்

கணிப்பொறிக் கோப்புகளைச் சுருக்கிப் பொதியும் ஜிப் முறையை உலகிற்கு ஈந்தவர் பில் காட்ஸ். 1962இல் அமெரிக்காவில் பிறந்த இவர், மில்வாக்கி நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் பயின்றார்.

அந்நாளில் தொலைபேசி வழியே கோப்புகளை அனுப்ப நெடுநேரம் ஆயிற்று. எனவே, விரைந்து சுருக்கும் இவரது பிகேஆர்க் மென்பொருள் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் ஆர்க் மென்பொருளுக்கு உரிய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1988இல் உடன்பாடு கண்டு, காட்ஸ் அதனைக் கைவிட்டார். எனினும் துவளவில்லை, 1989இல் பிகேஜிப்பைப் படைத்து, அதன் கோப்பு அமைப்பை யாவரும் பயன்கொள்ளுமாறு வெளியிட்டார்.

இதன் நுட்பத்தை நெசவறிந்த கடையநல்லூர் மக்களாகிய நாம் எளிதில் உணரலாம். கட்டம் போட்ட துணியை விளக்க ஒரு கட்டத்தைச் சொல்லி, இதுபோல் இத்தனை என்றால் போதுமன்றோ? அவ்வாறே, மீண்டும் வரும் தொடருக்கு அது முன்னர் வந்த இடத்தைச் சுட்டுவர். அடிக்கடி வரும் குறிக்குச் சிறிய குறியீடு தருவர். முன்னது 1977இல் சிவ், லெம்பெல் இருவரும் கண்டது. பின்னது 1952இல் ஹஃப்மன் கண்டது. இவ்விரண்டையும் இணைத்ததே காட்ஸின் டிஃப்ளேட் முறை. விரிக்குங்கால் ஓர் எழுத்தும் குறையாது.

செல்வமும் புகழும் வந்தன, மதுவும் உடன்வந்தது. 2000 ஏப்ரல் 14 அன்று, 37 வயதில், மில்வாக்கி விடுதியொன்றில் தனியே மாண்டார். குடியே அவருடலைச் சிதைத்தது.

ஜிப் கோப்புகளின் தொடக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இன்றும் நிற்கின்றன. பிறர் கோப்புகளை இழப்பின்றிக் காத்த அறிவு, அவரைக் காக்கவில்லை. மார்க்கம் மதுவை ஏன் விலக்கியது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.