செஞ்சியில் விற்ற கோட்டை, கடலூரில் விழுந்த ‘ரேண்டம்’ குண்டு: யார் இந்த எலிஹு யேல்?

ரேண்டமா ஒரு நம்பர் சொல்லு, ரேண்டமா ஒண்ணு எடு என்று தினமும் சொல்கிறோம். கைக்கு வந்தபடி, குறிப்பு ஏதும் இல்லாமல் என்பதுதான் நாம் அறிந்த பொருள். இதை மட்டும் வைத்துக்கொண்டு 1690-ல் நடந்த ஒரு கோட்டை விற்பனையைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். தேவனாம்பட்டினம் கோட்டையோடு, அங்கிருந்து சுடும் பீரங்கியின் ‘ரேண்டம்’ குண்டு எட்டும் தூரம் வரையிலான ஊர்களும் சேர்த்தே விற்கப்பட்டன. விற்றவர் செஞ்சிக் கோட்டையில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாங்கியவர் சென்னை கவர்னர் எலிஹு யேல்.

யேல் பிறந்தது 1649-ல், அமெரிக்காவின் பாஸ்டனில். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. 1672-ல் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னை வந்து இறங்கினார். 1680-ல் கோட்டைக்குள் புதிதாகக் கட்டிய செயின்ட் மேரி தேவாலயத்தில் கேத்தரின் என்ற விதவையை மணந்தார். அங்கே பதிவான முதல் கல்யாணம் அது. அடுத்த சில ஆண்டுகளில், கடற்கரையில் வியாபாரம் செய்ய அனுமதி கேட்டுச் செஞ்சிக்குத் தூது போனார். 1687-ல் கவர்னர் ஆனார்.

1689-ல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றதும், தம்பி ராஜாராம் தப்பித்துச் செஞ்சிக்கு வந்தார். மறு ஆண்டே முகலாயப் படை பின்தொடர்ந்து வந்து முற்றுகையிட்டது. 1698 வரை நீண்ட முற்றுகை அது. ராஜாராமுக்குப் பணம் வேண்டும், கம்பெனிக்குக் கடலோரத்தில் கோட்டை வேண்டும். பேரம் படிந்தது.

இப்போ அந்தச் சொல்லுக்கு வருவோம். பழைய பிரெஞ்சில் அதன் மூலச் சொல்லுக்கு வேகமான பாய்ச்சல் என்று பொருள். 17-ம் நூற்றாண்டு பீரங்கிக்காரர்கள் குழாயைக் கிடையாக வைத்து நேராகச் சுடுவதை ‘பாயின்ட் பிளாங்க்’ என்றார்கள். குழாயின் வாயை மேலே தூக்கி, குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் அனுப்புவது ‘ரேண்டம்’. அவ்வளவு தூரத்தில் குறி தப்பத்தானே செய்யும்? குறியில்லாத என்ற பொருளும் அதே நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கோட்டை விற்பனையில் பேசுவது பீரங்கிக்காரர் ஆங்கிலம். அங்கே ரேண்டம் என்றால் ஏனோதானோ இல்லை, அதிகபட்ச தூரம். (புள்ளியியலில் ரேண்டம் என்பது இன்னொன்று: எல்லோருக்கும் சம வாய்ப்பு.)

கம்பெனிக்காரர்களுக்கு இந்தப் பொருள் நன்றாகவே தெரியும். சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றை அனுப்பினார்கள். குண்டை எவ்வளவு தூரம் அனுப்புவது என்பது சுடுபவரின் கைத்திறமை என்று நினைவூட்டல் வேறு. 1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்கள் எல்லாம், கடலூர் உட்பட, கம்பெனிக்குப் போயின. அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது.

யேலின் அதிர்ஷ்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. பதவியை வைத்துச் சொந்த வியாபாரத்தில் பணம் சேர்த்தார் என்ற புகாரில் 1692-ல் நீக்கப்பட்டார். சென்னைக் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதிலும் அவருடைய நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு. 1699-ல் பெரும் பணக்காரராக இங்கிலாந்து திரும்பினார்.

1718-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 417 புத்தகங்களும் ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. நன்றிக்கடனாகக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். 1721-ல் யேல் இறந்தார். வேல்ஸில் உள்ள ரெக்ஸம் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. அவர் வாங்கிய தேவனாம்பட்டினம் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துத் தள்ளியது.