கோடிங் புத்தகமே இல்லாத காலத்தில் அதை எழுதியவர்: யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

வெப் பேஜ் செய்யக் கத்துக்கலாம்னு முடிவெடுத்து, தொடக்கநிலை வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைத் திறக்கிறீர்கள். முதல் பாடத்திலேயே ஹெட், டைட்டில், பாடி என்று மூன்று சொற்கள் வந்துவிடும். டைட்டில் என்றால் தலைப்பு, பாடி என்றால் பக்கத்தில் தெரியப்போகும் விஷயம். நாலு வரி டைப் செய்து, சேவ் செய்து, பிரவுசரில் திறந்தால் உங்கள் பெயர் திரையில் நிற்கும். மிஞ்சிப்போனா அரை மணி நேர வேலை.

இதில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் விஷயங்கள் இரண்டு. படிக்க ஒரு புத்தகம் இருக்கிறது. கணினிக்கு எழுதுவது மனிதருக்கும் புரிகிற சொல்லாக இருக்கிறது. 1944இல் இரண்டுமே கிடையாது. அந்த ஆண்டு கோடிங் பழக வந்த ஒரு கணிதப் பேராசிரியை, புத்தகத்தைத் தானே எழுத வேண்டியிருந்தது. புரிகிற சொற்களுக்காகப் பல வருஷம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர்தான் கிரேஸ் ஹாப்பர்.

கடற்படைக்கு வந்த கணித டீச்சர்

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, வீட்டில் இருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டது அவருடைய ஏழு வயதுக் கதை. வாஸர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு வாஸரிலேயே ஆசிரியை. இரண்டாம் உலகப் போர் வராமல் இருந்திருந்தால் அங்கேயே ஓய்வு பெற்றிருப்பார்.

போரில் அமெரிக்காவும் இறங்கியதும் கடற்படையில் சேர முயன்றார். வயது அதிகம், எடை குறைவு. தேவையான எடையைவிட 15 பவுண்டு கம்மி. சிறப்பு அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் உள்ளே நுழைந்தார். 1944 ஜூலை 2 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே 51 அடி நீளத்தில், சுமார் 5 டன் எடையில் ஒரு இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெயர் மார்க் 1.

அதற்கு வேலை சொல்வது எப்படி? காகித நாடாவில் துளை போட வேண்டும். ஒரு வரிசைக்கு 24 இடங்கள். முதல் எட்டு, எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு. அடுத்த எட்டு, எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு. கடைசி எட்டு, என்ன செய்வது என்பதற்கு. ஒரு பெருக்கலுக்குச் சில வினாடிகள், ஒரு வகுத்தலுக்கு 15 வினாடிக்கு மேல் ஆகும். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமா? நாடாவின் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். இன்று புரோகிராமில் ‘லூப்’ என்று சொல்கிறோமே, அங்கே அது கண்ணால் பார்க்கக்கூடிய வளையம்!

மேலதிகாரி ஹோவர்ட் எய்க்கன் கையில் ஒரு குறியீட்டுப் பட்டியலைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய கணக்கு ஒன்றையும் கொடுத்தார். அவ்வளவுதான் பயிற்சி. ரிச்சர்ட் பிளாக், ராபர்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு இளம் அதிகாரிகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வயசான டீச்சரம்மா வரப்போறாங்கன்னு கேள்விப்பட்டு, அவர் பக்கத்து மேசை தனக்கு வேண்டாம் என்று இவர்கள் தங்களுக்குள் பேரம் பேசிய கதையை, ஹாப்பரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

500 பக்கத்தைத் தாண்டிய பாடநூல்

சில மாதங்களில் எய்க்கன் அடுத்த குண்டைப் போட்டார். இந்த இயந்திரத்துக்கு ஒரு புத்தகம் எழுத வேண்டும். எனக்குப் புத்தகம் எழுதத் தெரியாது என்றார் ஹாப்பர். நீங்கள் இப்போது கடற்படையில் இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. மறுபேச்சு கிடையாது.

மின்சுற்று வரைபடங்களைப் பிரித்துப் பார்த்தார், தெரிந்தவர்களைக் கேட்டார், எழுதினார். எழுதியதை அன்றன்றைக்கு எய்க்கனிடம் வாசித்துக் காட்டினார். 1946இல் நூல் வெளியானது. 500 பக்கங்களுக்கு மேல். அட்டையில் ஆய்வகக் குழுவின் பெயர்தான் இருந்தது. வரலாறு, இயந்திர விளக்கம், மின்சுற்று, கோடிங், பிளக் மாட்டும் முறை, கடைசியில் தீர்வுடன் கூடிய எடுத்துக்காட்டுகள் என்று போகிற வரிசையிலேயே ஒரு வகுப்பாசிரியரின் கை தெரிகிறது. தெரியாதவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது, போன வருஷம் அதே இடத்தில் விழுந்தவருக்குத்தானே தெரியும்?

‘பக்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுமே, அது சரியில்லை. மார்க் 2 இயந்திரத்தின் ரிலேயில் செத்துக்கிடந்த அந்துப்பூச்சியை 1947இல் பதிவேட்டில் ஒட்டிவைத்தது உண்மை. ஆனா, பழுதை ‘பக்’ என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே உண்டு. பூச்சியைக் கண்டுபிடித்ததும் ஹாப்பர் இல்லை. கதையை ஊர் முழுக்கப் பரப்பியது மட்டும் அவர்தான்.

காப்பி பேஸ்ட் தந்த யோசனை

ஹார்வர்டில் ஒவ்வொருவரும் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். சரியாக வேலை செய்த கோடிங் துண்டுகளை அதில் எழுதிவைத்து, ஒருவரிடமிருந்து இன்னொருவர் பார்த்து எழுதிக்கொள்வார்கள். நாம் செய்யும் காப்பி பேஸ்டின் கையெழுத்து வடிவம். பார்த்து எழுதும்போதுதான் தப்பு நுழைந்தது. ஒரு எண் மாறும், ஒரு கூட்டல் பிசகும். மனிதர் காப்பி எடுப்பதில் மோசம், இயந்திரம் அதில் கெட்டி. அப்படியென்றால் அந்த வேலையை இயந்திரத்திடமே விட்டால் என்ன?

இந்த யோசனை பழுத்த காலம் அவருக்கு நல்ல காலமாக இல்லை. திருமணம் 1945இல் முறிந்திருந்தது. ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1949இல் பிலடெல்பியாவின் எக்கர்ட் மாக்லி நிறுவனத்தில் யூனிவாக் கணினி வேலைக்குச் சேர்ந்தார். குடிப்பழக்கம் முற்றி, நண்பர்கள் தலையிட்டு எச்சரிக்கும் நிலைக்குப் போயிருந்தது. அதிலிருந்து மெல்ல மீண்டார்.

ஏ-0 என்ற அவருடைய கம்பைலர் அந்த நிறுவனத்தில்தான் உருவாகி, 1952 வாக்கில் ஓடியது. தேவையான துண்டுகளின் எண்ணைச் சொன்னால் போதும், கணினியே அவற்றை எடுத்துக் கோத்துக்கொள்ளும். இன்றைய அளவுகோலில் பார்த்தால் அது முழுக் கம்பைலர் இல்லை, லிங்கருக்கு நெருக்கமானது. ஆனா அன்றைக்கு அதையே பலர் நம்பவில்லை. கணினி கணக்குதான் போடும், புரோகிராம் எழுதுமா என்று கேட்டார்கள்.

அடுத்தது இன்னும் பெரிய சண்டை. கணக்கு தெரியாத அலுவலக ஊழியர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்றால், கட்டளைகள் ஆங்கிலச் சொற்களாக இருக்க வேண்டும் என்றார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று நிர்வாகம் கையை விரித்தது. ஹாப்பரின் குழு ஒரு சின்ன புரோகிராமை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. கூடவே அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் போட்டுக் காட்டியது. கணினிக்கு எந்த மொழியும் ஒன்றுதான், எழுத்துகள் வெறும் குறியீடுகள் என்று புரியவைக்கத்தான் இந்த ஏற்பாடு. நடந்தது தலைகீழ். அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சு எப்படித் தெரியும் என்று மிரண்டுபோனார்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த முயற்சிதான் புளோமேட்டிக். கம்பேர், டிரான்ஸ்பர், ஸ்டாப் என்று படித்தாலே புரியும் கட்டளைகள் கொண்ட மொழி. 1959இல் பென்டகன் கூட்டத்துக்குப் பிறகு உருவான கோபால் மொழிக்கு முக்கிய அடித்தளம் இதுவே. ‘கோபாலின் தாய்’ என்று ஹாப்பரை அழைப்பது ஓரளவுக்குத்தான் சரி. முதலில் குரல் கொடுத்தவர் மேரி ஹாஸ். மொழியை வடிவமைத்த குழுவில் ஜீன் சாமெட் உள்ளிட்ட பலர் இருந்தார்கள், ஹாப்பர் ஆலோசகர்.

கோபால் வளவளவென்று இருக்கும், உண்மைதான். எழுதியே கை வலிக்கும். ஆனா இன்னொருவர் எழுதியதைப் பல வருஷம் கழித்து எடுத்துப் படித்தாலும் பெரும்பாலும் புரியும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்களை 2000 பிறப்பதற்குள் திருத்த வேண்டி வந்தபோது, இந்திய ஐ.டி. நிறுவனங்கள் கோபால் தெரிந்தவர்களைத் தேடித்தேடி எடுத்தன. சென்னையில் மெயின்பிரேம் புராஜெக்டில் இருப்பவர்களைக் கேட்டால், கோபால் இன்னும் சோறு போடுகிறது என்பார்கள்.

ஓய்வு கொடுக்க முடியாத அதிகாரி

1966 கடைசியில் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. 1967இல் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பல வருஷம் நீண்டது. 1986இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது வயது 79.

இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தார். சுமார் 30 செ.மீ. நீள வயர் துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் ஆளுக்கொன்று கொடுப்பார். ஒரு நானோ வினாடியில் ஒளி அதிகபட்சம் போகும் தூரம் அது. ஒரு மைக்ரோ வினாடியைக் காட்ட, கிட்டத்தட்ட 300 மீட்டர் வயர்ச் சுருளையே தூக்கிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகு, நேரத்தை வீணாக்கும் கோடை எழுதக் கை கூசும்.

1992 ஜனவரி 1 அன்று இறந்தார். டிம் பெர்னர்ஸ் லீ தன் வலைத் திட்டத்தை 1991 ஆகஸ்டில் இணையத்தில் பொதுவாக அறிவித்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வெப் பேஜ் எழுதும் எச்.டி.எம்.எல். அவருடைய மொழிகளின் நேரடி வாரிசு இல்லை. அது அச்சு ஆவணங்களைக் குறிக்கும் எஸ்.ஜி.எம்.எல். என்ற வேறு வழியில் வந்தது. ஆனா அதிலும் டைட்டில் டைட்டிலாகவே இருக்கிறது, எட்டுத் துளைகளாக இல்லை.

அந்த 1946 பாடநூல் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போனிலேயே படிக்கலாம். கோடிங் பற்றியது நான்காவது அத்தியாயம்.