அப்துல் பஹா

பாரசீகத்தில் தோன்றிய பஹாய் சமயத்தின் ஸ்தாபகராகிய பஹாவுல்லாவின் மூத்த குமாரர் அப்துல் பஹா ஆவர். அப்பாஸ் என்பது இவரது இயற்பெயர். 1844-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் தெஹ்ரான் நகரில் செல்வக்குடியிற் பிறந்தாரேனும், ஒன்பது வயது நிரம்புமுன்னரே தந்தையாரோடு நாடு கடத்தப்பட்டார். பாக்தாத் முதலிய நகரங்களிற் பல்லாண்டு கழித்தபின், 1868-இல் பாலஸ்தீனத்திலுள்ள அக்கா என்னும் சிறைநகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பள்ளிக்கல்வி மிகச் சிறிதே பெற்ற இவருக்குத் தந்தையாரே ஆசானாயினர். 1892-இல் தந்தையார் மறைய, சமயத் தலைமை இவரைச் சார்ந்தது. 1908-இல் துருக்கியில் நேர்ந்த புரட்சியால் விடுதலை கிட்டியபொழுது, இவருக்கு வயது அறுபத்துநான்கு.

முதுமையும் நோயும் வருத்தவும், இவர் மேல்நாட்டு யாத்திரையை மேற்கொண்டார். 1911-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், லண்டன் சிட்டி டெம்பிள் என்னும் கிறிஸ்தவ ஆலயத்திலே தமது முதற் பொதுப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். மறு ஆண்டு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அமெரிக்காவெங்கும் சுற்றி, ஆலயங்களிலும் யூதர் ஜெபாலயங்களிலும் சர்வகலாசாலைகளிலும் பேசினார். பாரசீக மொழியில் இவர் பேச, உடனிருந்தார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர்.

மானிடர் யாவரும் ஒரு குலத்தினர். சமயமும் விஞ்ஞானமும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஆணும் பெண்ணும் சமமாகக் கல்வி பெறல் வேண்டும். மிக்க செல்வமும் மிக்க வறுமையும் ஒழிதல் வேண்டும் என்பன இவர் போதனைகளின் சாரம்.

இப்போதனைகளை இவர் மேடையளவில் நிறுத்தினாரல்லர். நியூயார்க்கின் பவரி தர்மசாலையில் வறியோரிடை உரையாற்றியபின், வாயிலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் வெள்ளிக்காசு அளித்தார். ஏப்ரல் 23-ஆம் நாள் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் சர்வகலாசாலையில், கறுப்பினத்தாரும் வெள்ளையரும் கூடிய சபையில் இன ஒற்றுமையைக் குறித்துப் பேசினார். அன்றே பிரமுகர்கள் கூடிய விருந்தொன்றில், லூயிஸ் கிரெகரி என்னும் கறுப்பின வழக்கறிஞரைத் தம் வலப்பக்கத்தில் இருத்தினார். நிறவேற்றுமை பந்தியினும் ஆட்சிசெய்த அக்காலத்தில், அவ்வோர் ஆசனம் பிரசங்கத்தினும் உரக்கப் பேசிற்று.

அக்டோபர் மாதத்தில், ஐரோப்பா வெடிமருந்துச்சாலையை ஒத்துளதென்றும், ஒரு பொறியே போதுமென்றும் எச்சரித்தார். இரண்டாண்டிற்குள் மகாயுத்தம் மூண்டது. அப்போரினால் ஹைபாவிலும் அக்காவிலும் பஞ்சம் நேர்ந்தபொழுது, தாம் சேமித்த தானியத்தை மதபேதமின்றி ஏழைகட்குப் பகிர்ந்தளித்தார். 1920-இல் ஆங்கில அரசாங்கத்தார் இவருக்கு ஸர் பட்டம் வழங்கினர்.

1921-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் ஹைபாவில் இவர் காலஞ்சென்றார். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் துரூசியரும் ஒருங்குகூடி, அவருடலைக் கார்மேல் மலைக்கு எடுத்துச் சென்றனர். ஒற்றுமையைப் போதித்தார் பலர். தம் இறுதி ஊர்வலத்திலேயே அதனைக் காட்டிச்சென்றார் மிகச் சிலர்.