நடுவழியில் நின்ற சம்பத்

ஈ.வெ.கி. சம்பத் என்ற பெயரைச் சிறு வயதில் என் தந்தையார் சொல்லித்தான் அறிந்தேன். சொல்லின் செல்வர் என்ற அடைமொழியைச் சேர்க்காமல் அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இன்றைய தலைமுறையினர் பலருக்குச் சம்பத், பெரியாரின் அண்ணன் மகன், ஈ.வெ.கி.ச. இளங்கோவனின் தந்தை என்ற அளவில் மட்டுமே தெரிகிறார். அவர் தொடங்கிய கட்சி ஏறத்தாழ மூன்றாண்டுகளே வாழ்ந்தது. ஆனாலும், அந்தக் கட்சிதான் அவருடைய பொதுவாழ்வின் முக்கியமான அத்தியாயம் என்று நான் கருதுகிறேன்.

1926-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி பிறந்தவர் சம்பத். பெரியாரின் அரசியல் வாரிசு என்று பலராலும் எண்ணப்பட்டவர். 1949-இல் பெரியாரின் திருமணத்தை ஒட்டி இயக்கம் பிளந்தபோது, அவர் சிறிய தந்தையின் பக்கம் நிற்கவில்லை; அண்ணாவுடன் வெளியேறினார். திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஐம்பெரும் தலைவர்களுள் ஒருவரானார். 1957 பொதுத்தேர்தலில் அக்கட்சியின் சார்பில் இருவர் மக்களவைக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர், நாமக்கல்லில் வென்ற சம்பத்.

தில்லி வாழ்க்கை அவரை மாற்றியது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற உறுதிமொழியை, 1960 ஆகஸ்டில் பிரதமர் நேருவிடமிருந்து கடிதமாகவே அவர் பெற்றார். அதன்பின், குடியரசுத் தலைவருக்குக் கறுப்புக்கொடி காட்டும் முடிவைக் கழகம் கைவிட்டது. வாதாடியும் எழுதியும் ஒரு கோரிக்கையை வென்றெடுக்கலாம் என்பதை அவர் நேரில் கண்டார்.

திராவிட நாடு கோரிக்கை மீதான அவரது நம்பிக்கையும் தளர்ந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்துவிட்டன. தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் தத்தம் மாநிலங்களில் நிறைவு கண்டிருந்தனர். அவர்கள் கேட்காத நாட்டை அவர்களுக்கும் சேர்த்துத் தமிழர் மட்டும் கேட்பது எப்படி என்ற கேள்வியை அவரால் ஒதுக்க முடியவில்லை.

பிளவுக்குக் கொள்கை மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. கழகத்தில் திரைத்துறையினரின் செல்வாக்கு வளர்வதை அவர் விரும்பவில்லை. தலைமைக்குள் தனிப்பட்ட பூசல்களும் இருந்தன. 1961 தொடக்கத்தில் வேலூரில் கூடிய பொதுக்குழு அமளியில் முடிந்தது. அதைக் கண்டித்துச் சம்பத் உண்ணாவிரதம் இருந்தார். அண்ணாவின் முயற்சியால் அது முடிவுக்கு வந்தாலும், மனங்கள் ஒட்டவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். கவிஞர் கண்ணதாசனும் உடன் சென்றார். அப்போது சம்பத்துக்கு வயது 35.

புதிய கட்சி இரு பெரும் முகாம்களுக்கு நடுவே நின்றது. திராவிட நாடு நடவாத கனவு என்றது. அதே வேளையில், அதிகாரம் முழுவதும் தில்லியில் குவிவதையும் ஏற்கவில்லை. சுயநிர்ணய உரிமை கொண்ட மொழிவழி மாநிலங்களின் கூட்டமைப்பாக இந்தியா அமைய வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பிரிவினையை விரும்பியோர்க்கு இது சரணாகதியாகத் தோன்றியது. காங்கிரஸாருக்கோ இதுவே பிரிவினையாகத் தெரிந்தது.

1962 தேர்தலில் அந்தக் கட்சி ஓர் இடத்திலும் வெல்லவில்லை. தென்சென்னையில் போட்டியிட்ட சம்பத்தும் தோற்றார். அவர் விட்டு வந்த கழகமோ சட்டப்பேரவையில் 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்தது. மேடைக்கு முன் திரண்ட கூட்டம் வாக்குச்சாவடியில் அவருக்குத் துணை நிற்கவில்லை. கிளைகளும் தொண்டர்களும் கொடியும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன. 1964-இல் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார்.

ஆனால், அதற்கு முந்தைய ஆண்டிலேயே வேறொன்று நடந்துவிட்டது. பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கும் 16-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, திராவிட நாடு கோரிக்கையை 1963-இல் கழகமே கைவிட்டது. அதைக் கைவிட்ட அண்ணா 1967-இல் முதல்வரானார். அதையே இரண்டாண்டு முன்னதாகச் சொன்னவர் கட்சியையே இழந்தார். சம்பத்தின் கருத்து தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். தொண்டர்களைத் தம்மோடு அழைத்து வரும் பொறுமை அண்ணாவிடம் இருந்தது. சம்பத்திடம் அது குறைவு. எனினும் பழியை அவர்மீது மட்டும் சுமத்திவிட முடியாது. மாறுபட்டுப் பேசுபவரை உள்ளேயே வைத்துக் கேட்கும் பக்குவம் ஒரு கட்சிக்கு இல்லாதபோது, அவர் வெளியே சென்று ஒரு சிறு கட்சியைத் தொடங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

1977 பிப்ரவரி 23 அன்று, 51 வயது நிறைவதற்குச் சில நாள்கள் முன்பு, சம்பத் மறைந்தார். தலைமையோடு மாறுபடுவதையே துரோகம் என்று எண்ணும் வழக்கம் நம் கட்சிகளில் இன்றும் மறையவில்லை. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.