வாடியாவும் விலகும் சுதந்திரமும்

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பை என்னும் ஊர் இருக்கிறது. முன்னாளில் ஏரிப் பாசனமும் நெல் வயலுமே இவ்வூர் மக்களுக்குப் பிழைப்பாயிருந்தன. இன்று அதற்கு அப்பால் ஒரகடத்தில் மோட்டார் ஆலைகளும், அவற்றிற்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் ஆலைகளும் நிறைந்துவிட்டன. தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ்கள் இவ்வூர் வழியாகவே ஓடுகின்றன. ஓர் ஆலையில் தொழில் பழகியவனை மற்றோர் ஆலை கூடுதல் சம்பளம் தந்து அழைப்பது இத்தகைய இடங்களில் இயற்கை. அவன் போகத் துணியும்போது பழைய முதலாளியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வருவதும் உண்டு. ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு கட்ட வேண்டும், தவறினால் கோர்ட்டு ஏற வேண்டும் என்பதே அதன் சாரம். சட்டம் அறியாதவன் அந்தக் காகிதத்தைக் கண்டதும் கலங்கிப்போகிறான். வந்த வாய்ப்பைக் கைவிட்டுப் பழைய இடத்திலேயே அடங்கிவிடுகிறான்.

இந்தக் காகித ஆயுதம் புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னை ஹைக்கோர்ட்டில் இதே ஆயுதம் ஒரு தொழிற்சங்கத்தின் மீது வீசப்பட்டது. அந்த அடியைத் தாங்கி நின்றவர் ஸ்ரீ பி. பி. வாடியா. அவருடைய சரித்திரத்தை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நன்று. படப்பைக்கு அருகே மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரிகளின் நீர் திரண்டு அடையாறாகிக் கடலைச் சேர்கிறது. அந்த ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள பிரம்மஞான சபையில்தான் வாடியாவின் சென்னை வாழ்க்கை தொடங்கிற்று.

பமன்ஜி பெஸ்தன்ஜி வாடியா 1881-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூல்களில் ஈடுபட்டுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்தார். பின்னர் அடையாற்றுக்கு வந்து சபையின் பிரசுர வேலையை ஏற்று நடத்தினார். அன்னி பெஸன்ட் அம்மையாரின் நியூ இந்தியா பத்திரிகையிலும் அவர் வலக்கரமாக விளங்கினார். ஹோம் ரூல் கிளர்ச்சி மூண்டபோது, 1917-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பெஸன்ட் அம்மையாரையும் அருண்டேலையும் வாடியாவையும் சென்னை அரசாங்கம் காவலில் வைத்தது. மூவரும் உதகமண்டலத்தில் இருந்தனர். தேசமெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாகச் செப்டம்பரில் விடுதலையாயினர்.

அதுவரை வாடியா படித்த வகுப்பாரின் ராஜீயத்தில் மட்டுமே பழகியவர். 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரைத் தேடிப் பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து இருவர் வந்தனர். ஒருவர் செல்வபதி செட்டியார். மற்றொருவர் ராமானுஜுலு நாயுடு. பின்னி கம்பெனியின் நிர்வாகத்திலிருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் உழைப்போரின் துயரத்தை அவர்கள் எடுத்துரைத்தனர். நாள் முழுதும் நீளும் வேலை; நடுவே உணவுக்கு அரை மணி நேரமே அவகாசம்; மேஸ்திரிகளின் வசவும் அடியும் வேறு. வாடியா கேட்டதோடு நிற்கவில்லை. பெரம்பூருக்குப் போனார், ஆலை வாயிலில் நடப்பதைப் பார்த்தார், கூட்டங்களில் பேசினார். தமிழ் அறியாத அவருடைய ஆங்கிலப் பேச்சு தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. வாடியா தலைவரானார். திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவர்களுள் ஒருவராக நின்று உழைத்தார். முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இதுவே இந்தியாவில் முதன்மையானது என்று சரித்திர ஆசிரியர்கள் கொள்கின்றனர்.

சங்கம் பெற்ற முதற் பயன்களுள் ஒன்று, உணவு வேளை அரை மணியிலிருந்து நாற்பது நிமிஷமாக நீண்டது. பத்து நிமிஷம் அற்பம் என்று வயிறு நிறைந்தவர் நினைக்கலாம். கேட்டால் கிடைக்கும் என்ற உணர்ச்சி அந்தப் பத்து நிமிஷத்திலேதான் பெரம்பூரில் பிறந்தது. வாடியா கலகம் விரும்புகிறவர் அல்லர். பேச்சினால் தீர்வது பேச்சினாலேயே தீர வேண்டும் என்ற மிதவாதி. 1919-இல் வாஷிங்டனில் முதன்முதலாகக் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாட்டிற்கு, இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகிய ஸ்ரீ என். எம். ஜோஷிக்கு ஆலோசகராகச் சென்று வந்தார்.

அக்காலத்துத் தொழிலாளியைச் சட்டம் எவ்வாறு கட்டியிருந்தது என்பதை இங்கே அறிய வேண்டும். 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம் என்று ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டு நீங்கினால், அவனை மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பு, அல்லது வேலையைச் செய் என்று கட்டளையிடலாம். அவன் மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். எஜமானன் ஒப்பந்தத்தை மீறினால் அவனுக்குச் சிறை இல்லை; வேலையாளுக்கு மட்டுமே சிறை. இங்கிலாந்தில் இத்தகைய தண்டனை 1875-ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. இந்தியாவிலோ 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925-இல்தான் பிறந்தது.

இந்நிலையில் 1920-ஆம் ஆண்டு அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலையில் தகராறு மூண்டது. உத்தியோக உயர்வில் ஒருவருக்கு அநீதி நேர்ந்தது என்ற மனக்குறையே தொடக்கம். நிர்வாகம் ஆலையைக் கதவடைத்தது. டிசம்பரில் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. முதலாளிகளோ துப்பாக்கியைவிட நுட்பமான ஓர் ஆயுதத்தையும் எடுத்திருந்தனர். வாடியா மீதும் சங்கத்தின் மற்றத் தலைவர்கள் மீதும் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளர் வேலைக்குத் திரும்பாதபடி தூண்டி, அவர்களுடைய ஒப்பந்தத்தை முறிக்கச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நஷ்டஈடும் கோரப்பட்டது. கோர்ட்டும் இடைக்காலத் தடை உத்தரவு பிறப்பித்தது. கதவை முதலில் அடைத்தவர் முதலாளி. ஒப்பந்தத்தை முறித்த பழியோ தொழிலாளியின் பக்கம் நின்றவர் மேல் விழுந்தது!

ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுவது குற்றம் என்னும் இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது? லண்டன் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. 1852-இல் ஜோஹன்னா வாக்னர் என்னும் ஜெர்மானியப் பாடகி, லம்லி என்பவரின் கொட்டகையில் மூன்று மாதம் பாட ஒப்பந்தம் செய்திருந்தார். போட்டிக் கொட்டகைக்காரராகிய கை என்பவர் அதிகப் பணம் தருவதாகச் சொல்லித் தம்மிடம் அழைத்தார். லம்லி கோர்ட்டுக்குப் போனார். பாடகி வேறிடத்தில் பாடக் கூடாதென்று தடை பிறந்தது. ஒருவரிடம் வேலைக்கு ஒப்பியவரை இழுத்துக்கொள்ளும் போட்டியாளர் நஷ்டஈட்டுக்கு உட்படுவார் என்ற கொள்கையும் மறு ஆண்டே தீர்ப்பாயிற்று. இரண்டு தனவந்தரிடையே ஒரு பாடகிக்காக எழுந்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பின் வழிவந்த கொள்கையே பெரம்பூர் நெசவாளிகளுக்காக வாதாடியவரின் கழுத்தில் சுருக்காக விழுந்தது.

இதிலும் ஒரு வஞ்சகம் உண்டு. தொழில் தகராறுகளில் இக்கொள்கையைத் தொழிலாளர் மீது ஏவக் கூடாது என்று இங்கிலாந்தின் பார்லிமெண்டு 1906-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்து தன் நாட்டுச் சங்கங்களைக் காத்துக்கொண்டது. இந்தியாவுக்கு அந்தப் பாதுகாப்பு வரவில்லை. ஆங்கிலேயர் பூட்டை மட்டும் கப்பலேற்றி அனுப்பினர். சாவியைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர்.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. வாடியா சங்கத்தோடு தமக்குள்ள தொடர்பை விட்டுவிட வேண்டும்; முதலாளிகள் வழக்கைக் கைவிட வேண்டும். நிர்வாகம் நீக்கிய தொழிலாளர் சிலருக்கு மீண்டும் வேலை இல்லை. வாடியா இந்த நிபந்தனைகளுக்கு உடன்பட்டு விலகினார். இது கோழைத்தனம் என்று அன்றும் சிலர் கூறியிருக்கலாம். நம் அபிப்பிராயம் அதுவன்று. மூன்று மாதமாகக் கூலியில்லாமல் கிடந்த குடும்பங்களை அவர் எண்ண வேண்டியிருந்தது. தம் பதவியைக் கொடுத்தால் அடுப்பு எரியும் என்றால், கொடுப்பதே கடமை என்று அவர் கருதியிருத்தல் கூடும். ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அவருடைய விலகல் முதலாளிகளுக்கு வெற்றியே. தலைவனைச் சங்கத்திலிருந்து பிரிக்க ஒரு வழக்கு போதும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். அதே 1921-ஆம் ஆண்டில் மீண்டும் மூண்ட நெடிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் ஜாதியால் பிளவுண்டனர், துப்பாக்கிச் சூடும் வீடெரிப்பும் நிகழ்ந்தன, சங்கம் தோற்றது.

எனினும் அந்த வழக்கு வீணாகவில்லை. சட்டத்தின் பாதுகாப்பில்லாமல் எந்தச் சங்கமும் பிழைக்காது என்பதைத் தேசம் முழுதும் உணர்ந்தது. சமரசம் நடந்த இரண்டு மாதத்திற்குள், 1921 மார்ச்சில், ஸ்ரீ ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிற்று. தொழில் தகராறின் பொருட்டு வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார் என்ற ஒரே காரணத்திற்காகப் பதிவு பெற்ற சங்கத்தின்மீதோ அதன் நிர்வாகிகள்மீதோ சிவில் வழக்கு நில்லாது என்று அதன் பதினெட்டாம் பிரிவு விதித்தது. வாடியாவை வீழ்த்திய கத்தியின் முனையை அப்பிரிவு முறித்தது. அந்தச் சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அடக்கப்பட்டது.

வாடியாவின் வாழ்வில் வேறொரு விலகலும் உண்டு. பிரம்மஞான சபை பிளாவட்ஸ்கி அம்மையாரின் ஆதி உபதேசத்திலிருந்து வழுவிவிட்டது என்று அவர் கருதினார். 1922 ஜூலையில், தம்மை வளர்த்த சபையினின்று, காரணங்களை வெளிப்படையாக எழுதி வெளியிட்டு நீங்கினார். அதே உபதேசத்தைத் தனி வழியில் பரப்பி வந்ததும், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1909-இல் தோன்றியதுமான ஐக்கிய பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தார். அடையாற்றுக்கு அதுவே நேர்ப் போட்டி. ஏறக்குறைய பதினைந்து ஆண்டு உழைத்த இடத்தை விட்டு எதிர் முகாமுக்குப் போனார். மனவருத்தங்கள் இருந்திருக்கும். ஆனால் ஒப்பந்தத்தை முறித்தார் என்று அவரை எவரும் கோர்ட்டுக்கு இழுக்க வழியில்லை. சேர்வதும் நீங்குவதும் அங்கத்தினரின் மனச்சாட்சிக்குரிய விஷயம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருந்தது.

வாசகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படித்த கனவான் ஒருவர் தம் இடத்தை விட்டு நீங்குவது கொள்கை. நெசவாளி தன் தறியை விட்டு நீங்குவது குற்றம். ஒருவருக்குரிய மரியாதை மற்றவனுக்கு இல்லை. பெரம்பூரில் வாடியா கேட்டதெல்லாம், தாம் அடையாற்றில் அனுபவித்த சுதந்திரம் உழைப்பாளிக்கும் வேண்டும் என்பதே.

பிற்காலத்தில் அவர் நியூயார்க், லண்டன், பம்பாய் முதலிய நகரங்களில் தம் சங்கத்தின் கிளைகளை அமைத்தார். 1930-இல் ஆரியன் பாத் என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1945-இல் பெங்களூர் பசவனகுடியில், இந்திய உலகக் கலாசார நிலையம் என்று பின்னர்ப் பெயர் பெற்ற ஸ்தாபனத்தை நிறுவினார். 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். தொழிலாளர் இயக்கத்தில் அவர் நேராக உழைத்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே. அவர் நட்ட மரமோ அவரினும் நெடிது வாழ்ந்தது.

இனிப் படப்பைச் சாலைக்குத் திரும்புவோம். நோட்டீஸ் பெற்ற இளைஞன் அறிய வேண்டியவை சில உண்டு. வேலையை விட்டு நீங்கியவனைப் பலவந்தமாகத் திரும்ப வேலை செய்யும்படி எந்தக் கோர்ட்டும் கட்டளையிடாது. நீங்கிய பின்னரும் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கிய நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் இருபத்தேழாம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் இத்தனை ஆண்டு உழைப்பேன் என்று ஒப்பிவிட்டு, அக்காலம் முடியுமுன் போட்டியாளரிடம் செல்வது வேறு விஷயம். அதைத் தடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-இல் தீர்ப்பளித்தது. தொழில் ரகசியத்தை எடுத்துச் செல்வதையும் சட்டம் பொறாது. பயிற்சிச் செலவுக்காக நியாயமான தொகையைக் கேட்பதையும் கோர்ட்டுகள் ஒப்புவதுண்டு. ஆகையால் கையொப்பமிடுமுன் வாசிக்க வேண்டும்; நோட்டீஸ் வந்தால் ஒளிக்காமல் வக்கீலிடமும் சங்கத்தாரிடமும் காட்ட வேண்டும்.

மிரட்டல் காகிதத்திற்குப் பாதி வலிமை சட்டத்திலிருந்து வருகிறது. மறுபாதி அதைப் பெறுகிறவனின் தனிமையிலிருந்து வருகிறது. சட்டத்தின் கூரைத் தேய்க்க வாடியாவின் வழக்குக்குப் பின் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. தனிமையைப் போக்குவதற்கு அத்தனை காலம் வேண்டியதில்லை. நோட்டீஸ் பெற்ற ஒருவனோடு வக்கீல் வீட்டுக்குத் துணை செல்ல நால்வர் இருந்தால் போதும். தொழிலாளரிடையே வேலை செய்யும் நம் தேசபக்தர்கள் அந்த நால்வரில் ஒருவராய் இருப்பார்களாக.